மறுப்பும் பொறுப்பும்

தமக்கு ஒவ்வாத ஒருவர் முறைப்படி ஆட்சிக்கு வரும்போது, மக்களின் கடமை யாது? அமெரிக்க மக்கள் 2017இல் இவ்வினாவைச் சந்தித்தனர்.

டொனால்டு டிரம்ப், மக்கள் அளித்த வாக்குகளில் ஏறத்தாழ 28 லட்சம் பின்தங்கியிருந்தும், அந்நாட்டுத் தேர்தல் முறைப்படி வென்றார். ஜனவரி 20இல் அவர் பதவியேற்றபோது, "இவர் எங்கள் அதிபர் அல்லர்" என்னும் முழக்கம் வீதிகளில் எழுந்தது. வாஷிங்டனில் சிலர் கடைக் கண்ணாடிகளை நொறுக்கினர். மறுநாள் பல நகரங்களில் பெண்கள் லட்சக்கணக்கில் அமைதியாகப் பேரணி சென்றனர்.

சினம் இயல்பே. ஆயினும் அம்முழக்கத்தில் ஒரு பிழை உண்டென்று நாம் கருதுகிறோம். 'எங்கள் அதிபர் அல்லர்' என்போர், அவரிடம் கணக்குக் கேட்கும் உரிமையையும் கைவிட்டவர் ஆகின்றனர்.

ஜனவரி 27இல், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாட்டினர் உள்ளே வர அவர் தடை விதித்தார். விமான நிலையங்களில் பயணிகள் தடுத்து வைக்கப்பட்டனர். வழக்கறிஞர்கள் பலர் ஊதியம் கருதாது அங்கேயே அமர்ந்து மனுக்கள் எழுதினர். அவர்களுள் பிற சமயத்தவர் பலர். மறுநாள் இரவே புரூக்ளின் நீதிமன்றம், வந்திறங்கியோரைத் திருப்பியனுப்புவதைத் தடுத்தது.

அவ்வெற்றி நிலைக்கவில்லை. திருத்திய ஆணையை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2021இல் அடுத்த அதிபர் அதை நீக்கினார். 2025இல் மீண்டும் வந்த டிரம்ப் புதிய தடை பிறப்பித்தார்.

எனினும் அம்மனுக்கள் நமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றன. அவர் அதிபரே என ஒப்புக்கொண்டுதான் அவர்கள் வழக்காடினர். "இவர் எங்கள் அதிபர், ஆகவே எங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்" என்பதே முழக்கத்தினும் வலிய சொல்.