இருக்கைக்கு அடியில் ஒரு சாட்சி

பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பிப்பவர்கள், பின் இருக்கையைக் கழற்றும்போது சில வேளைகளில் ஒரு தாளைக் கண்டெடுப்பதுண்டு. இருக்கையின் சுருள்கம்பிகளுக்கிடையே, எலி கடித்து, துருக்கறை படிந்து அது கிடக்கும். 1960-களிலும் 1970-களிலும், ஒரு காருக்கு எந்த எஞ்சின், எந்தக் கியர்பெட்டி, எந்த நிறம் என்பதைக் குறியீடுகளால் ஆலைத் தொழிலாளர்களுக்கு அறிவித்த தாள் அது. வேலை முடிந்த பின் பல கார்களில் அது உள்ளேயே தங்கிவிட்டது. கார்வெட் கார்களிலோ 1967 முதல் பெட்ரோல் தொட்டியின் மேல் அதனை ஒட்டினர்.

வாங்குவோர் படிப்பதற்காக எழுதப்பட்டதன்று அத்தாள். எவரையும் கவரும் நோக்கம் அதற்கு இல்லை. அதனாலேயே அதன் சாட்சியம் மதிப்புப் பெறுகிறது.

கிறைஸ்லர் நிறுவனம் 1966 முதல் 1971 வரை சாலைக் கார்களுக்கு அளித்த 426 ஹெமி எஞ்சின் அரியது. ஆலையிலேயே அதனைப் பெற்ற கார், சாதாரண எஞ்சின் பெற்ற அதே வகைக் காரைவிடப் பன்மடங்கு விலைபோகும். ஒருவர் தம் காரும் அத்தகையதே என்று நம்பி வாங்கினார் எனக் கொள்வோம். விற்கும் முன் இருக்கையைக் கழற்றுகிறார். தாள் வேறு எஞ்சினைச் சொல்கிறது. அருகில் எவரும் இல்லை. ஒரு தீக்குச்சி போதும். "நான் பொய் சொல்லவில்லையே, கேட்காததைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதானே?" என்று மனம் வாதாடும்.

இவ்வாதம் பழையது. 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினாஸ் இதனை ஆராய்ந்தார். குறை கண்ணுக்குத் தெரிந்து, விலையும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டிருந்தால், விற்பவர் அதனை எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர் அல்லர். மறைந்திருக்கும் குறை வாங்குபவருக்கு இழப்பையோ ஆபத்தையோ விளைவிக்குமாயின் சொல்லியே தீர வேண்டும் என்பது அவர் முடிவு. இத்தகைய மௌனம் ஏழாம் கட்டளையை மீறுகிறது.

ஆலையில் தாள்கள் கார் மாறிப் போனதும் உண்டு. ஆகவே ஐயம் எழுவது நியாயமே. அப்போது தாளிலுள்ள எண்ணைக் காரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐயம் உண்மையைத் தேடுவதற்கு உதவட்டும். அதனை எரிப்பதற்குச் சாக்காக வேண்டாம்.

எஞ்சினை மாற்றுவது பாவமன்று. "மாற்றினோம்" என்று சொல்லி விற்கும் கார் நேர்மையான காரே. திருத்தூதர் பவுல், தாம் திருச்சபையைத் துன்புறுத்தியவர் என்பதைத் தம் திருமுகங்களிலேயே எழுதி வைத்தார். அருள் அவரைப் புதுப்பித்தது. ஆனால் தம் பழைய தாளை அவர் எரிக்கவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் நம்மிடம் கேட்கப்படுவதும் அதுவே. தொடக்கத்திலிருந்தே குறையற்றவர்கள் என்று காட்டிக்கொள்ள அங்கு எவரும் நம்மைக் கேட்பதில்லை. இருக்கைக்கு அடியில் கிடப்பதை நாமே எடுத்து நீட்ட வேண்டும்.