ஸபூரும் முறைப்பாடும்

ஸபூர் என்பது நமது சமூகத்தில் மிக மலிவாகப் பரிமாறப்படும் சொல். நேர்முகப் பரீட்சையில் தலைமறைப்பைக் காரணமாக்கி ஒதுக்கப்பட்ட பெண்பிள்ளைக்கும் ஸபூர். பதவியுயர்வுப் பட்டியலில் பெயர் விடுபட்ட எழுதுவினைஞருக்கும் ஸபூர். சொல்பவர் பெரும்பாலும் பாதிக்கப்படாதவர்.

சட்டம் இந்தப் பொறுமைக்காகக் காத்திருப்பதில்லை. அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி முதலியவற்றின் பேரில் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. அரச நிர்வாகம் அதை மீறினால் உயர் நீதிமன்றம் செல்லலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள். (தனியார் கம்பனி செய்தால் அந்த வழியும் இல்லை.) முதல் வாரம், குறை தன்னிடமா என்று பாதிக்கப்பட்டவர் தனக்குள் வழக்காடுவார். அடுத்த வாரம் வீட்டார் பயப்படுவார்கள். பிறகு ஊர்ப் பெரியவர்கள் "கதைச்சுப் பாப்பம்" என்பார்கள். இடையில் பெருநாளும் வந்துவிட்டால் மாதம் முடிந்தது.

1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அம்மாதத்துக்குள் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டைக் கொடுத்தால் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்டவும் வேண்டும். அங்கே அழுகைக்கு வேலையில்லை. எந்தத் திகதி, யார், என்ன சொன்னார், எழுத்தில் உண்டா, அதே தகுதியுள்ள இன்னொருவர் எவ்வாறு நடத்தப்பட்டார்? கடைசிக் கேள்விதான் கஷ்டமானது. அடுத்தவரின் புள்ளித்தாள் நம் கையில் இருக்காதே! 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டம் இங்கே உதவக்கூடும். நம்மில் எத்தனை பேர் அதன்கீழ் ஒரு விண்ணப்பமாவது எழுதியிருக்கிறோம்?

முறையிட்டு என்ன கண்டோம் என்று கேட்பவர்களிடமும் நியாயமுண்டு. ஆணைக்குழு தருவது பரிந்துரை மட்டுமே. ஜனாஸா எரிப்புக்கு எதிரான மனுக்களை 2020 டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்தது. 2021 பெப்ரவரியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அதற்குள் எரிந்தவை எரிந்துவிட்டன. ஆயினும் அந்த மனுக்கள் இல்லையென்றால், அன்று நாம் சம்மதித்தோம் என்றே நாளை ஒருவர் எழுதக்கூடும்.

கணவரைப் பற்றி நபிகளாரிடம் முறையிட்ட கவ்லா பின்த் தஃலபாவின் வாதத்தால் குர்ஆனின் 58ஆம் அத்தியாயம் 'முஜாதலா' என்று பெயர்பெற்றது. அப்பெண்ணின் முறைப்பாடு செவியேற்கப்பட்டதாகவே அது தொடங்குகிறது. இதை ஓதிக்கொடுக்கும் நாமே நம் பிள்ளையை வாயடைக்கிறோம். பாதிக்கப்பட்டவர் சார்பில் வேறொருவரும் ஆணைக்குழுவில் முறையிடச் சட்டம் இடமளிக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகத்திலோ வாசிகசாலையிலோ அந்த வேறொருவர் யார் என்று இன்னும் எவரும் கேட்கவில்லை.