பூச்சுக்குக் கீழே

பழைய காருக்கு வீட்டு வாசலிலேயே நம் கையால் வண்ணம் பூசிக்கொள்வது சரியா தவறா என்று எவரும் கேட்பதில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது? பட்டறைக்குக் கொடுக்க வேண்டிய பணத்தில் பெரும்பகுதி மிஞ்சுகிறது; கழித்துக் கட்டத் தக்கதென்று பிறர் கருதிய வண்டி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கிறது. சிக்கனத்தைப் போற்றும் நம் குடும்பங்களில் இது பாராட்டுக்குரிய செயலே. ஆயினும் இப்பணியைத் தாமே செய்து முடிப்பவர், தாம் தேடிப் போகாத ஓர் அறிவைப் பெற்றுவிடுகிறார். அந்த அறிவு அவர்மீது ஒரு கடமையைச் சுமத்துகிறதா என்பதே நம் கேள்வி.

முதலில் பணியைச் சற்று அருகிருந்து காண்போம். திருவையாறு போன்ற ஆற்றங்கரை ஊரில் இதற்கு நாள் பார்ப்பதே பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் மிகுதி. என்.சி. எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டில் கலந்த தின்னர் விரைந்து ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, பூச்சு பால் தெளித்தாற்போல் வெளிறிவிடும். தை மாதம் சம்பா அறுவடை. பதரும் வைக்கோல் தூசும் பறந்துவந்து ஈரப்பூச்சில் ஒட்டிக்கொள்ளும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம்; பெயிண்ட் என்ன பாடுபடும்! ஆக, மாசி பங்குனியில் காற்றடங்கிய காலைப்பொழுதுகளே எஞ்சுகின்றன.

வண்ணம் அடிப்பதோ வேலையின் மிகச் சிறிய பகுதி. வாடகைக்கு எடுத்த கம்ப்ரஸரைக் கொண்டு ஒரே நாளில் அது முடிந்துவிடும். அதற்கு முந்தைய நாள்களே உண்மையான வேலை. எண்ணெய்ப் பசை போகச் சோப்பு நீரால் கழுவ வேண்டும். பழைய பூச்சை வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்க்க வேண்டும்; பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்புவது தெருவில் விளையாடும் குழந்தைகளுக்குச் செய்யும் தீங்கு. பிறகு துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி, பட்டி வைத்து, 220, 400 என எண் ஏற ஏற மென்மையாகும் தாள்களால் தேய்த்து, பிரைமர் அடித்து, கண்ணாடிகளைப் பழைய செய்தித்தாளால் மூட வேண்டும். (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு. உரிய முகமூடியின்றி அதை வீட்டில் அடிப்பவர் தம் நுரையீரலைப் பணயம் வைக்கிறார். சிக்கனத்துக்கும் எல்லை உண்டு.)

இவ்வாறு நாள்கணக்கில் விரலால் தடவித் தடவித் தேய்ப்பவருக்கு வண்டியின் உள்நோய் தெரியவருகிறது. பார்வைக்குச் சிறு கொப்புளமாக இருந்த இடத்தில் கம்பி பிரஷ் பட்டதும் தகடு அப்பளம்போல் உதிர்கிறது. சக்கர வளைவின் உட்புறத்தில் வயற்சேறு அப்பி ஈரம் காத்த இடம், கதவுகளுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டம், கால் வைக்கும் தரைத்தகடு ஆகியவையே பெரும்பாலும் இப்படிப் போகின்றன. அம்பாசிடர், பத்மினி, மாருதி 800 ஆகியவற்றுக்கு லாரிக்கு உள்ளதுபோல் தனிச் சட்டகம் கிடையாது. தகட்டு உடலே சட்டகம். எனவே அடிச்சட்டத்தில் விழுந்த ஓட்டை வெறும் அழகுக்குறை அன்று. மோதலின்போது உள்ளே இருப்பவரைக் காக்க வேண்டிய வலிமை அங்கே குன்றிவிட்டது.

அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு பற்றவைக்க வேண்டும். வீட்டில் அதற்கு வசதி இல்லை; டிங்கரிங் பட்டறைக்குப் போனால் மிச்சம் பிடித்த பணம் போயிற்று. மலிவான வழியோ கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, மேலே பட்டி நிரப்பி, தேய்த்து, வண்ணம் அடித்துவிட்டால் எவர் கண்ணுக்கும் தெரியாது. கையில் காந்தத்தோடு வருபவர் மட்டுமே கண்டுபிடிப்பார். பட்டியில் காந்தம் ஒட்டாது.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வண்ணம் பூசும் எண்ணம் பலருக்கு அப்போதுதான் பிறக்கிறது; விற்கும் எண்ணமும் அதன் பின்னாலேயே வருகிறது. வண்டியின் நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிதழிலும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பட்டிக்குக் கீழே உள்ளதை எழுத அச்சான்றிதழில் இடம் இல்லை. அதை வாங்குபவரிடம் நாமே சொல்ல வேண்டுமா?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இக்கேள்வியை எதிர்கொண்டிருக்கிறது. வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. நோயுற்ற குதிரையை ஏலத்தில் விற்பவர் வாய் திறவாமல் இருந்தால் அது மோசடி அன்று என்று எடுத்துக்காட்டும் தருகிறது. ஆனால் அடுத்த எடுத்துக்காட்டிலேயே வாங்குபவர் மாறிவிடுகிறார்: அவர் விற்பவரின் மகள், இப்போதுதான் வயது வந்தவள். அவளிடம் குதிரையின் குறையைச் சொல்வது தந்தையின் கடமை. குதிரை அதே குதிரைதான். உறவு மட்டுமே வேறு. மேலும், தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பது மோசடியே என்றும் அதே பிரிவு கூறுகிறது. பட்டி வைப்பது மௌனமா, முனைந்து மறைப்பதா என்பதை வழக்கறிஞர்கள் வாதிடட்டும்.

இவ்வழக்கு பழையது. கி.மு. 44-இல் சிசரோ தம் மகனுக்கு எழுதிய ‘கடமைகள் பற்றி’ என்னும் நூலில், மரம் உளுத்துப்போன வீட்டை விற்கும் ஒருவரைப் பற்றிப் பேசுகிறார். உளுத்தது உரிமையாளர் ஒருவருக்கே தெரியும். வாங்கும்படி அவர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்று ஒரு தரப்பு. வழி தவறியவனுக்கு வழிகாட்டாமல் விடுவதைவிட இது கொடிது என்று மறுதரப்பு. சிசரோ மறைத்திருக்கக் கூடாது என்றே தீர்ப்புச் சொல்கிறார்.

நம் கேள்விக்கு மிக அருகில் வருபவர் புனித தாமஸ் அக்குவினாஸ். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய ‘இறையியல் தொகுப்பு’ நூலில், விற்பவர் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா என்று அவர் ஆராய்கிறார். குறை வெளிப்படையாகத் தெரியுமாயின் சொல்ல வேண்டியதில்லை. ஒற்றைக் கண் குதிரைக்கு விளக்கம் எதற்கு? விலையைத் தக்கபடி குறைத்துக்கொண்டால் போதும். குறை மறைந்திருந்து, வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்குமாயின் சொல்லியே ஆக வேண்டும். இடியும் நிலையிலுள்ள வீட்டை உறுதியானதென்று விற்பதை அவர் இவ்வகையில் சேர்க்கிறார்.

இந்தப் பாகுபாட்டை நம் வண்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். துருவோடு, ஓட்டையோடு, வெளிறிய நிறத்தோடு கொட்டகையில் நின்றபோது அது ஒற்றைக் கண் குதிரை. வருபவர் குனிந்து பார்ப்பார், பேரம் பேசுவார், நாம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டி வைத்து வண்ணம் அடித்த அன்று வெளிப்படையான குறை மறைந்த குறையாயிற்று. அதுவரை நம்மிடம் இல்லாத கடமை, நம் கைவேலையாலேயே பிறந்தது. பட்டறையில் கொடுத்து வாங்கியவர் ‘எனக்குத் தெரியாது’ என்று ஓரளவு சொல்லிக்கொள்ளலாம். (கேட்டால் தெரிந்துவிடுமே என்று அஞ்சிக் கேளாமல் இருந்தவருக்கு அதுவும் செல்லாது, தானே விரும்பி ஏற்ற அறியாமையை அறநெறி இறையியல் என்றுமே மன்னித்ததில்லை.) தம் கையால் தேய்த்தவருக்கோ எந்த இடத்தில் எத்தனை அங்குலம் என்பது வரை தெரியும்.

இருபது ஆண்டு பழைய வண்டியை வாங்குபவருக்குத் துரு இருக்கும் என்று தெரியாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. வயதுக்கேற்ற தேய்மானம் விலையில் அடங்கியதுதான். ஆனால் பளபளப்பைக் காட்டி விலையை ஏற்றிவிட்டு, துரு வெளிப்படும்போது ‘பழைய வண்டிதானே’ என்று சொல்லும் வாயை நாம் எப்படி ஒப்புக்கொள்வது? புதியதற்குரிய விலையும் பழையதற்குரிய மன்னிப்பும் ஒருசேரக் கிடைக்க வேண்டும் என்கிறார் அவர்.

விற்பவரும் செல்வர் அல்லர் என்பதையும் மறப்பதற்கில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வண்டியைக் கொடுப்பவருக்கு ஒவ்வோர் ஆயிரமும் பெரிது. எனினும் பழைய வண்டி கைமாறும் திசையைக் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் மேலிருந்து கீழே போகிறது. முதலில் வாங்கியவரைவிட இரண்டாமவர் வசதி குறைந்தவர். மூன்றாமவர் அவரினும் குறைந்தவர். கடைசியில் வாங்குபவர் மெக்கானிக்கை அழைத்துவரக் கூலி இல்லாதவர். குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போக ஒரு வண்டி கிடைத்ததே என்று மகிழ்பவர். நாம் சொல்லாமல் விட்டது அவர் வீட்டுப் பிள்ளைகளின் காலடியில் போய்த் தங்குகிறது. சட்டம் தன் எடுத்துக்காட்டில் ஒரு மகளை நிறுத்தியது வீணன்று.

அக்குவினாஸ் நடைமுறை தெரிந்தவர். குறையை ஊரறியத் தண்டோரா போடும்படி அவர் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் பொருளின் மற்ற நன்மைகளை அறியாமலே எல்லாரும் ஓடிவிடுவர் என்பதை அவரே சொல்கிறார். வாங்க வந்து எதிரில் நிற்பவரிடம் சொன்னால் போதும்; இஞ்சின் நன்றாக இருப்பதையும் அவர் சேர்த்து எடைபோட்டுக்கொள்வார். இதற்கு நீண்ட பேச்சும் தேவையில்லை. வேலையின்போதே எங்கெங்கே பட்டி வைத்தோம் என்று ஒரு தாளில் குறித்து வைத்திருக்கலாம். புதுத்தகடு வைக்க என்ன ஆகும் என்று பட்டறையில் கேட்டு, அத்தொகையை விலையில் கழிக்கலாம். தரைவிரிப்பைத் தூக்கிக் காட்டி, அடிச்சட்டத்தில் பட்டி இருக்கும் இடத்தில் அவரையே தட்டிப் பார்க்கச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடவும் கூடும். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து இன்னொருவர் வருவார். அவருக்கும் விரிப்பைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கும்.