கான்ட், கேன்ட்

ஜப்பானில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் இரண்டு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். படித்தது பொறியியல். 1987-ல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் எந்தப் பட்டம் என்று பெரிதாகப் பார்ப்பதில்லை. வேலை, துணை மொழி ஆசிரியர். ஜப்பானிய ஆசிரியர் பாடம் நடத்துவார். நான் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுவேன். பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள்.

முதல் வகுப்பில் அந்த ஆசிரியர் என்னை அறிமுகம் செய்தார். "இவரோட போகொகுகோ ஆங்கிலம்." நான் தலையாட்டினேன்.

போகொகுகோ என்றால் தாய்நாட்டு மொழி. அப்படிப் பார்த்தால் சிங்கப்பூரின் தேசிய மொழி மலாய். தேசிய கீதம், சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் கொடுப்பது, இதைத் தாண்டி எனக்கு மலாய் வராது. தாய்மொழி தமிழ். அம்மாவிடம் பேசுவதும், பள்ளியில் 'தாய்மொழிப் பாடம்' என்று எடுத்ததும் அதுதான். ஆனால் கணக்குப் போடுவது, சண்டை போடுவதெல்லாம் ஆங்கிலத்தில். மூன்றில் எதைச் சொல்லியிருந்தாலும் பாதிதான் உண்மை. அதனால் அந்தத் தலையாட்டலை நான் பொய் என்று நினைக்கவில்லை.

பொய் பிறகுதான் வந்தது. பாடப்புத்தகத்தின் குறுந்தட்டில் அமெரிக்க உச்சரிப்பு. பிள்ளைகள் குழம்பக் கூடாதே என்று நானும் அப்படியே வாயை வளைத்தேன். கொஞ்ச நாளில் பழகிவிட்டது.

ஒருநாள் அந்த ஆசிரியர் 'கான்ட்' என்றார். இளமையில் பிரிட்டிஷ் கேசட் கேட்டு ஆங்கிலம் பழகியவர். உடனே என்னைத் திரும்பிப் பார்த்து, "சரியா?" என்றார். முப்பது பிள்ளைகள் முன்னால் நான், "கேன்ட்" என்றேன். அவர் தலைகுனிந்து நன்றி சொல்லிவிட்டு, 'கேன்ட்' என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் நாங்கள் சொல்வது 'கான்ட்'.

அளவுகருவியைச் சரிபார்க்க ஒரு மூல அளவு வேண்டும் என்று பொறியியலில் படித்தேன். அங்கே மூல அளவாக நின்றது என் கடவுச்சீட்டு. இருபது வருடம் பாடம் நடத்திய ஒருவரின் சரியான சொல்லை, என்னுடையதே அல்லாத ஒரு குரலால் திருத்தினேன். போலித்தனம் நம்மை மட்டும்தான் கெடுக்கும் என்று நினைக்கிறோம். அதற்கான விலையைப் பக்கத்தில் நிற்பவர் கொடுத்துவிடுகிறார். நமக்கு ரசீதுகூட வருவதில்லை.

மறுவாரம் அவரிடம் சொன்னேன். "சென்செய், நீங்க சொன்னதும் சரிதான். எங்க ஊர்லயும் அப்படித்தான்." கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆனா தேர்வுல கேன்ட்தான் வரும்," என்றார்.

அதுவும் உண்மை. அந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் வேண்டும். அதன் பிறகு வகுப்பில் இரண்டையும் வாசித்தேன். முதலில் குறுந்தட்டு சொல்வதை, பிறகு என்னுடையதை. அதனால் யாராவது குழம்பினார்களா, யாருக்காவது மதிப்பெண் குறைந்ததா, தெரியாது. அவர் மட்டும் அதன் பிறகு "சரியா?" என்று கேட்கவில்லை. "உங்க ஊர்ல எப்படி?" என்று கேட்டார்.