முன்னோர் வீடும் கட்டண விருந்தும்

செட்டிநாட்டில் பழைய வீடொன்றை விடுதியாக்க முனைகிறவர், கொத்தனாரையும் ஆசாரியையும் தேடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: அந்த வீடு யாருடையது? பத்திரத்தின்படி பல பங்காளிகளுக்குச் சொந்தம். வழிபாட்டின்படி, இறந்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

பர்மா, இலங்கை, மலாயாவில் வட்டித் தொழிலில் ஈட்டிய பணத்தில், செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் இவ்வீடுகளைக் கட்டினார்கள். முகப்பைத் தாண்டினால் வளவு எனும் உள்முற்றம். அதைச் சுற்றி, மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. 1930களில் நெல் விலை சரிந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. பிழைப்புத் தேடிக் குடும்பங்கள் வெளியூர்களுக்குப் பெயர்ந்தன. பிறகு கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் புதுத்துணி வைத்துக் கும்பிடும் படைப்புக்குமே பல வீடுகள் திறக்கப்பட்டன. பராமரிக்க வழியில்லாதவர்கள் தூணையும் நிலையையும் கழற்றி விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் அந்த வரவில் வளர்ந்தவை.

1999இல் காரைக்குடியில் ‘பங்களா’ விடுதியானது. பின்னர் கானாடுகாத்தானில் ‘விசாலம்’ வந்தது. முன்னது குடும்பத்தார் கூடிப் பொழுது போக்கிய மனை. பின்னது தந்தை மகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு. தலைமுறை தலைமுறையாகப் பங்காளிகள் கூடிப் படைக்கும் பெரிய வீட்டோடு ஒப்பிட்டால், இரண்டிலும் இறந்தவர்களின் உரிமை குறைவு. இது தற்செயலாகவும் இருக்கலாம்.

இல்லறத்தான் ஐவரைப் பேண வேண்டும் என்பது திருக்குறள்: முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான். விடுதி இவர்களில் மூன்றாமவரின் நிலையை மாற்றிவிடுகிறது. அறைக்குப் பணம் கட்டி, வாழையிலையில் செட்டிநாட்டுச் சாப்பாடு உண்பவரைப் பழைய பொருளில் விருந்தினர் என்று சொல்ல முடியாது; அவருக்குப் பரிமாறுவதில் விருந்தோம்பலின் புண்ணியமும் சேராது. என்றாலும் அவர் தரும் பணத்தில்தான் ஓடு மாற்றப்படுகிறது, ஆத்தங்குடித் தளம் பழுது பார்க்கப்படுகிறது. முன்னோருக்குப் பட்ட கடனை அடைக்க அவரும் தம்மை அறியாமலே உதவுகிறார். விற்ற தூண் திரும்பாது. வாடகைக்கு விட்ட அறையைப் படைப்பு நாளில் காலி செய்து வாங்கலாம். எனவே எதைத் திரும்பப் பெற முடியும் என்பதே இங்கே அறத்தின் அளவுகோல். படைப்பு நாட்களைக் குத்தகைப் பத்திரத்திலேயே ஒதுக்கி வைக்காத ஒப்பந்தம், ஓட்டைக் காப்பாற்றினாலும் வீட்டைக் காப்பாற்றாது.

வீட்டுக்குள் தொழில் நுழையும் இந்தச் சிக்கல் எல்லா ஊரிலும் ஒன்றுபோல் இல்லை; சேலத்தில் இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. சூரமங்கலத்தை அடுத்த சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசு வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. சாமி படமும் பட்டறையும் ஒரே கூரைக்கடியில் இருக்கும்போது, தொழில் வீட்டுக்கு வெளியிலிருந்து நுழையும் அந்நியம் ஆவதில்லை. ஆயுத பூசையன்று கருவிகளுக்கே பொட்டு வைக்கிறார்கள். செட்டிநாட்டார் தொழிலைக் கடலுக்கு அப்பால் நடத்தி, வீட்டைச் சடங்குக்கென ஒதுக்கி வைத்தவர்கள். அதனால்தான் வாசலில் கட்டணப் பலகை மாட்டுவதற்கு அங்கே அத்தனை தயக்கம்.