எத்தனை பெரிய துப்பாக்கி போதும்?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி மெயின்கார்டு கேட்டைத் தாண்டிப் பெரிய கடை வீதிக்குள் நடந்தால், நகைக்கடை வாசலிலோ வங்கி வாசலிலோ மடியில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஒரு காவலாளி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் அது பன்னிரண்டு போர் (bore). திருட வந்தவனை மிரட்ட அது தாராளம். அதையே தூக்கிக்கொண்டு போய் ஒரு காட்டு யானைக்கு எதிரே நின்றால் போதுமா? போதாது. ஏன் போதாது, எது போதும் என்று வேட்டைக்காரர்கள் பல தலைமுறைகளாகத் தேடியிருக்கிறார்கள். இந்தியாவில் வேட்டை சட்டப்படி நின்றுபோய் அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்வி நமக்கு இன்றும் வேண்டியிருக்கிறது. காட்டோரத்தில் வாழ்கிறவர்களின் உயிர் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

முதலில் 'போர்' கணக்கைப் பார்ப்போம். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு உருண்டை பிடித்தால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அந்தக் குழல் பன்னிரண்டு போர். ஓர் உருண்டையின் எடை ஏறக்குறைய 38 கிராம். எட்டு போர் என்றால் 57 கிராம். நான்கு போர் என்றால் 113 கிராம். எண் குறையக் குறையத் துப்பாக்கி பெரிதாகும். நுவரெலியாவில் பண்ணை போட்ட சாமுவேல் பேக்கரும், மைசூர் அரசுக்காகக் 'கெட்டா' என்னும் அடைப்பு அமைத்து யானை பிடித்த சாண்டர்சனும் வாழ்ந்த 19ஆம் நூற்றாண்டில், யானை என்றால் இந்த எட்டு போர், நான்கு போர்தான் பேச்சு. அதற்குக் காரணம் இருந்தது. அன்றைக்கு இருந்தது கருமருந்து. அது எவ்வளவு எரிந்தாலும் குண்டின் வேகம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. ஈயமோ மென்மையான உலோகம். எலும்பில் பட்டதும் நசுங்கிவிடும். வேகத்தைக் கூட்ட வழியில்லாதபோது எடையைக் கூட்டினார்கள். சுடுகிறவனின் தோள்தான் அதற்கு விலை கொடுத்தது.

1898இல் லண்டன் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவைக் கொண்டுவந்ததும் நிலைமை மாறியது. புகை அதிகம் வராத கார்டைட் மருந்து, உலோக உறை போட்ட குண்டு, ஒரு அங்குலத்தில் பாதியைவிடக் குறைந்த விட்டம். எடை 31 கிராம்தான். ஆனால் நொடிக்கு 650 மீட்டருக்கு மேல் பறந்தது. நான்கு போரை ஓரங்கட்ட அதுவே போதுமாக இருந்தது. பிறகு, படையின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளுக்குத் தோட்டா கிடைத்துவிடக் கூடாது என்று ஆங்கில அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவைத் தடை செய்தது. உடனே துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470, .475 என்று சற்றே தள்ளித் தள்ளிப் புது அளவுகளை உருவாக்கின. இன்றும் பெருவிலங்கு வேட்டையில் பேசப்படும் அந்த எண்கள் இந்தியத் தடையிலிருந்து பிறந்தவை.

இனி வலிமையை அளப்போம். குண்டின் ஆற்றல் அதன் எடையோடு நேர்விகிதத்திலும் வேகத்தின் இருமடியோடும் கூடும். திருச்சி நவல்பட்டில் 1966 முதல் இயங்கும் படைக்கலத் தொழிற்சாலை 'திருச்சி அசால்ட் ரைபிள்' என்ற துப்பாக்கியைச் செய்கிறது. அதன் 7.62 மி.மீ. குண்டு 8 கிராம் எடை. ஆற்றல் சுமார் 2,000 ஜூல். போருக்கு அது கொடிய ஆயுதம். சேலம், தருமபுரிக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், அதன் ஆற்றல் சுமார் 4,300 ஜூல். 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் சுமார் 5,700 ஜூல். .450 நைட்ரோ சுமார் 6,600. மனிதனை வீழ்த்தும் போர்த் துப்பாக்கியைப்போல இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் ஆற்றல் வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் கருதியதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

ஆனால் ஜூல் கணக்கோடு நின்றுவிட்டால் பாதிதான் புரியும். .405, .375 இரண்டின் குண்டும் ஒரே எடை, 19.4 கிராம். முதலாவது 10.4 மி.மீ. தடிமன், இரண்டாவது 9.5 மி.மீ. ஒரே எடையை ஒல்லியான உடம்பில் அடைத்தால் குண்டு நீளமாகும்; எதிர்ப்படும் பரப்பு குறையும்; அதனால் ஆழமாகப் போகும். எடையை விட்டத்தின் இருமடியால் வகுத்து இதை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். அங்குலக் கணக்கில் .405க்கு 0.25; .375க்கு 0.30. இதில் வியப்பு என்னவென்றால், வெறும் 11 கிராம் எடையுள்ள 7 மி.மீ. குண்டுக்கும் அதே 0.30தான். ஆற்றலில் .375இன் பாதிகூட இல்லாத சின்னத் துப்பாக்கி, துளைப்பதில் அதற்குச் சமமாக நிற்க முடியும்.

அதற்குக் குண்டின் கட்டமைப்பும் ஒத்துழைக்க வேண்டும். முனையில் ஈயம் தெரியும் மென்முனைக் குண்டு உடலுக்குள் போனதும் காளான்போல விரிந்து அகலமான காயம் செய்யும். புலிக்கும் சிறுத்தைக்கும் அது ஏற்றது. அவற்றின் உடல் அவ்வளவு தடிப்பில்லை. முழுக்க உறை மூடிய கடினக் குண்டு விரியாமல் நேராக ஊடுருவும். யானைக்கும் காட்டெருதுக்கும் அதுவே வேண்டும். அமெரிக்க முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்கா போனபோது சிங்கத்துக்கு .405ஐ உயர்வாகப் புகழ்ந்தார். அவருடைய பெட்டியில் யானைக்கென்று இரட்டைக்குழல் ஹாலண்ட் தனியாக இருந்தது. இன்றும் பல ஆப்பிரிக்க நாடுகள் ஆபத்தான பெருவிலங்குக்குக் குறைந்தபட்ச அளவு .375 என்று விதி வைத்திருக்கின்றன.

யானைக்கு ஏன் இவ்வளவு துளைப்பு வேண்டும் என்பதை ஸ்ரீரங்கத்திலேயே பார்த்துப் புரிந்துகொள்ளலாம். சத்திரத்தில் 1ஆம் நம்பர் பஸ் ஏறினால் காவிரிப் பாலம் தாண்டிக் கோயில் வந்துவிடும். அங்கே கோயில் யானை ஆண்டாள் நிற்கும்போது அவள் நெற்றியைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் புடைத்த மேடு, நடுவே பள்ளம். அவ்வளவு பெரிய தலையில் பெரும்பகுதி எலும்பு; அதுவும் தேன்கூடுபோல அறை அறையாகக் காற்று நிறைந்த எலும்பு. மூளை நான்கைந்து கிலோ. அது இருப்பது நெற்றிக்குப் பின்னால் இல்லை; தலையின் பின்பகுதியில், தாழ்ந்து, காதுத் துளையின் மட்டத்தில். முன்னாலிருந்து சுடுகிறவனின் குண்டு தும்பிக்கை வேரையும் அந்த எலும்பு அறைகளையும் கடந்து உள்ளே போக வேண்டும். யானை தலையை உயர்த்தினால் ஒரு கோணம், தாழ்த்தினால் இன்னொரு கோணம். நான்கு விரற்கடை தவறினால் குண்டு எலும்புக்குள் புதைந்துபோகும். யானை நடந்து போய்விடும்.

இந்த உடலமைப்பை முழுதாகக் கற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான பெல். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். அவற்றில் பெரும்பாலானவற்றை அந்தச் சின்ன 7 மி.மீ. துப்பாக்கியால். யானை மண்டையோட்டை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து மூளையின் இடத்தை மனத்தில் பதித்துக்கொண்டவர். "பெல் சின்னத் துப்பாக்கியால் சுட்டாரே, நமக்கு எதற்குப் பெரியது?" என்று இன்றும் வாதாடுவோர் உண்டு. பெல் வேட்டையாடியது பெரும்பாலும் திறந்த புல்வெளி. துப்பாக்கியைக் காணாத மந்தை. எந்தக் கணத்தில் சுடுவது என்பது அவர் விருப்பம். அது கூடாத இடத்தில் சும்மா திரும்பிவர அவருக்குப் பொறுமையும் இருந்தது.

பென்னாகரம் காட்டில் அந்த வசதி எதுவும் கிடையாது. ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட முதல் நூலில் ஒன்பது ஆட்கொல்லிகளின் கதையோடு பனப்பட்டியின் ஒற்றை யானை கதையையும் எழுதியிருக்கிறார். மூங்கில், முள், உண்ணிச் செடி மண்டிய அந்தப் பக்கத்தில் யானை இருபது மீட்டரில்தான் கண்ணில் படும். தாய்லாந்தில் ஆய்வாளர்கள் அளந்தபோது ஆசிய யானை மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்தது. அந்த ஆய்வு 2003இல் வெளியானது. இருபது மீட்டரைக் கடக்க அதற்கு மூன்று நொடி. அந்த மூன்று நொடியில் சுடுகிறவர் கோணத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. யானை கொடுக்கும் கோணத்தில்தான் சுட வேண்டும். குறி சற்று விலகினாலும் யானையைத் தடுத்து நிறுத்தும் வலிமை அங்கேதான் தேவைப்படுகிறது. பெரிய துப்பாக்கி குறி தவறுவதைச் சரிசெய்துவிடாது. சில அங்குலத் தவறை மட்டும் பொறுத்துக்கொள்ளும்.

அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு. துப்பாக்கி பெரிதாக ஆக உதை கூடும். உதைக்கு அஞ்சுகிறவர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடுவார், தோளைப் பின்னால் இழுப்பார். குண்டு எங்கோ போகும். ஆகவே போதுமான துப்பாக்கிக்கு மேல்வரம்பும் உண்டு: விலங்கின் உயிர்நிலை வரை போகிற குண்டு, அதைப் பதற்றமில்லாமல் சுடக்கூடிய தோள். இரண்டும் சந்திக்கும் இடம்தான் சரியான அளவு.

இத்தனை கவனம் எதற்கு என்று கேட்டால், காயம்பட்டுத் தப்பிய விலங்குக்காக என்பேன். 1907இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது. செத்தபின் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட குண்டின் வேலை. பல் உடைந்த புலியால் வழக்கமான இரையைப் பிடிக்க முடியவில்லை. மனிதர் பக்கம் திரும்பியது. முதலில் சுட்டவருக்கு ஒரு வேட்டை தவறியது, அவ்வளவுதான். விலை கொடுத்தவர்கள் புல்லறுக்கப் போன பெண்கள். அந்தக் கார்பெட்டும் அன்று மூன்றே தோட்டாக்களோடு போயிருந்தார். அவை தீர்ந்ததும் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிச் சுட வேண்டியதாயிற்று. 'போதுமான' என்ற சொல்லை நான் இந்தக் காயத்தை வைத்தே அளக்கிறேன். விலங்கு பாதி உயிரோடு ஊருக்குள் திரும்பக் கூடாது என்பதே அதன் பொருள்.

சட்டம் மெல்ல மெல்ல இந்த வழிக்கு வந்தது. மதராஸ் மாகாணம் 1873லேயே காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கென்றாலும் அதைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் இருக்கிறது. புலி, யானை போன்றவற்றைப் பிடிக்கவோ, மயக்கவோ, வேறிடம் மாற்றவோ முடியாது என்றால்தான் அவர் அந்த அனுமதியைத் தரலாம். 2021 அக்டோபரில் மசினகுடிப் பக்கம் பல வாரங்கள் தேடி டி23 புலியை உயிரோடு பிடித்தார்கள். 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் அரிக்கொம்பன் என்ற யானையை மயக்கிக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள்.

மயக்க ஊசித் துப்பாக்கியிலும் பழைய கேள்வியே வேறு வடிவத்தில் வருகிறது. வாயு அழுத்தத்தில் இயங்கும் அந்தத் துப்பாக்கியில் ஓர் அழுத்தமானி இருக்கும். தூரத்தை அளந்து மருத்துவர் அழுத்தத்தை வைக்கிறார். குறைந்தால் ஊசி தோலில் பட்டுத் தெறித்துவிடும். கூடினால் உடலைத் துளைத்து எலும்பை உடைத்துவிடும். யானைத் தோல் சில இடங்களில் 2.5 செ.மீ. தடிமன் என்பதால் அதற்கு நீண்ட ஊசி. சைலசின், கெட்டமின் போன்ற மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. எடையைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரட்டித்தால் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும் என்ற பழைய பாகன் கணக்கு இங்கே கைகொடுக்கும். ஊசி பட்டபின் மருந்து பிடிக்கும்வரை யானை நீர்நிலைக்கோ பள்ளத்துக்கோ போகாமல் பழக்கிய கும்கி யானைகள் சுற்றி நிற்க வேண்டும்.

சத்திரத்திலிருந்து சமயபுரம் போகிற எல்லோருக்கும் 2018 மே மாதம் அந்தக் கோயிலில் மாசினி யானை தன் பாகனையே மிதித்துக் கொன்றது நினைவிருக்கும். அவள் பிறகு தெப்பக்காடு முகாமுக்கு அனுப்பப்பட்டாள். மனித உயிரைப் பறித்த யானையையும் உயிரோடு வைத்துப் பராமரிப்பது என்று நாம் முடிவு செய்திருக்கிறோம். சரியான முடிவு. அதற்கு வேண்டிய செலவை முழுதாகச் செய்கிறோமா என்பதே என் கவலை. பயிரைக் காக்க வெடிக்கும் நாட்டுத் துப்பாக்கியும், தின்பண்டத்துக்குள் மறைத்து வைக்கும் அவுட்டுக்காய் வெடியும் இன்றும் யானைகளின் வாயைக் கிழிக்கின்றன, காலை ஊனமாக்குகின்றன. சம்பாவத் புலியின் பல்லை உடைத்த அதே அரைகுறைக் காயம் நம் காட்டோரத்தில் இன்றும் ஏற்பட்டுக்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்க விவசாயிக்குப் பெரிய துப்பாக்கி கொடுப்பது வழியல்ல. பயிர் போனால் உடனே இழப்பீடு, யானை ஊர்ப்பக்கம் வந்தால் உடனே வரும் வனக் குழு, போதிய கால்நடை மருத்துவர்கள், பயிற்சி பெற்ற வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ஆகியவை அவனுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். ஆபத்தான விலங்கின் எதிரே நிற்கப் போதுமான வலிமை ஒரு மாநிலத்துக்கு இருக்கிறதா என்பதை இவற்றை எண்ணிப் பார்த்தே சொல்ல முடியும்.