இரண்டு பக்கங்களிலும் ஒரு பெயர்



நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளின் மாதம். இம்மாதத்தில் நம் மலைநாட்டுப் பங்குகளில் குருவானவரின் மேசைமேல் காகிதத் துண்டுகள் குவிகின்றன. ஒவ்வொன்றிலும் பெயர்கள்: தாய், தகப்பன், பாட்டன், பாட்டி, பிறந்த அன்றே கண்மூடிய குழந்தை. பல துண்டுகளின் அடியில், "மறந்துபோன எல்லா ஆன்மாக்களும்" என்று ஒரு வரி இருக்கும். நல்ல வரிதான். ஆனால் மறந்துபோனவர்கள் யார்? அவர்களை ஏன் மறந்தோம்? இவ்வாரம் இதைச் சற்றுச் சிந்திப்போம்.

நம் தோட்டத்துக் குடும்பங்கள் மனம் விரும்பிப் பிரிந்தவையல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரில் மிகப் பலரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒரே லயத்தில், ஒரே காம்பராவில் வளர்ந்த அண்ணன் இந்தியனானான், தம்பி இலங்கையனானான். ஹட்டனிலும் நானுஓயாவிலும் கோச்சி ஏறியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கும் கேரளத்துப் புனலூருக்கும் இன்னும் எங்கெங்கோவும் போனார்கள். 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் வேறு பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். அதன் பிறகு கொழும்பு. அதற்கும் பிறகு மத்திய கிழக்கு நாடுகள்.

இப்படிச் சிதறிய குடும்பங்களை ஒன்றாய்க் கட்டிவைத்தது எது? பெரும்பாலும் ஒரு பெண். அநேகமாக ஓர் அத்தை.

எனக்கும் அப்படியோர் அத்தை இருந்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் அவருடைய தகரப்பெட்டியில் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. வீட்டில் எந்தப் பிள்ளை எழுத்துப் படித்தாலும் அதன் கையில் அந்தக் கொப்பியைக் கொடுத்துப் பெயர்களை எழுதச் சொல்வார். இடப்பக்கத்தில் உயிரோடிருப்பவர்கள், வலப்பக்கத்தில் மரித்தவர்கள். குழந்தை பிறந்தால் இடப்பக்கத்தில் ஒரு பெயர் கூடும். மரணச் செய்தி வந்தால் ஒரு பெயர் வலப்பக்கத்துக்குப் போகும். இரவுச் செபமாலை முடிந்ததும் ஒரு பிள்ளை அதை வாசிக்க வேண்டும். அரைத்தூக்கத்தில் ஒரு பெயரை விட்டுவிட்டால் அத்தை உடனே கண்டுபிடித்துவிடுவார். கொப்பி அவருக்கு மனப்பாடம், வாசிப்பு எங்களுக்காகவே.

அந்தக் கொப்பியில் ஒரு பெயர் அவரை மிகவும் வருத்தியது. அது அவருடைய தம்பியின் பெயர். எழுபதுகளில் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது எங்கள் தந்தை கூடப் போகவில்லை. இங்கேயே பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். "ஒன்றாய்ப் போவோம் என்று சொன்னவன் கைவிட்டுவிட்டான்" என்ற மனக்கசப்போடு சித்தப்பா கோச்சி ஏறினார். புனலூர்ப் பக்கத்து றப்பர்த் தோட்டத்திலிருந்து சில காலம் அத்தைக்கு மட்டும் கடிதம் வந்தது. 1984இல் கப்பல் போக்குவரத்தும் நின்றது. பின்னர் கடிதமும் நின்றது.

நான் குருப்பட்டம் பெற்ற நாள்முதல் அத்தை என்னைச் "சாமி" என்றுதான் அழைத்தார். ஒரு நவம்பரில் அந்தக் கொப்பியோடு வந்து கேட்டார்: "சாமி, தம்பி பேர எந்தப் பக்கத்துல எழுதுறது? உசிரோட இருக்கறவுங்க பக்கத்துலயா, செத்தவுங்க பக்கத்துலயா?"

அன்பார்ந்தவர்களே, குருமடத்தில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை படித்தோம். இப்படியொரு கேள்வியை எவரும் கேட்டதில்லை. பிரஜாவுரிமைச் சட்டத்தின் விளைவை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவரையும் நான் அறியேன். உடன்பிறந்தவனுக்காக எந்தச் செபத்தைச் சொல்வதென்றுகூடத் தெரியாத நிலை! நான் சொன்னேன்: "இரண்டு பக்கத்திலும் எழுதுங்கள் அத்தை. ஆண்டவர் சரியான பக்கத்தில் வாசித்துக்கொள்வார்."

அது வெறும் ஆறுதல் வார்த்தையல்ல. புனிதர்களுடைய சமூக உறவை விசுவசிக்கிறோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோமே, அதன் பொருள் என்ன? பூமியில் பயணம் செய்கிற நாமும், உத்தரிக்கிற ஆன்மாக்களும், மோட்சத்திலுள்ள புனிதர்களும் ஒரே குடும்பம் என்பதல்லவா? இந்தக் குடும்பத்தைப் பிரிக்க எந்த ஒப்பந்தத்தாலும் முடியாது. கிறிஸ்துவின் சரீரத்துக்குக் கடவுச்சீட்டு இல்லை.

புனித மோனிக்கம்மாளை எண்ணிப் பாருங்கள். ஆபிரிக்காவில் தன் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் ஊர் திரும்பும் வழியில், 387ஆம் ஆண்டில், இத்தாலியின் ஒஸ்தியா துறைமுகத்தில் நோயுற்றார். இந்த உடலை எங்கேனும் புதையுங்கள், ஆண்டவருடைய பீடத்தண்டை என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார். புனித அகுஸ்தீனார் இதை எழுதி வைத்திருக்கிறார். அந்நிய மண்ணில் அடங்கிய நம்மவர் அனைவருக்காகவும் அந்தத் தாய் பேசியதுபோல் இல்லையா?

யூதா மக்கபேயின் செயலையும் பாருங்கள். போரில் மடிந்த அவருடைய வீரரின் உடைகளுக்குள் விலக்கப்பட்ட தாயத்துகள் காணப்பட்டன. ஆயினும் அவர் அவர்களை ஒதுக்கிவிடவில்லை. ஏறக்குறைய 2,000 வெள்ளி நாணயம் சேர்த்து அவர்களுடைய பாவப் பரிகாரத்துக்காக எருசலேமுக்கு அனுப்பினார். குற்றமற்றவர்களை மட்டுமே நினைப்பதென்றால் நம் கொப்பிகளில் ஒரு பெயரும் மிஞ்சாது.

அத்தை மரித்து 31ஆம் நாள் திருப்பலிக்குச் சில தினங்களுக்கு முன், சித்தப்பாவின் பேரனொருவன் எப்படியோ எங்கள் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினான். சித்தப்பா இறந்து பதினொரு வருடங்கள் ஆகியிருந்தன. அப்படியானால் இடப்பக்கத்தில் சொல்லிய செபங்கள் வீணோ? இல்லை. காலமும் தூரமும் நமக்குத்தான், ஆண்டவருக்கில்லை. அண்ணன்மேல் கோபத்தோடு போனவரை இரவுதோறும் அக்காளின் செபம் தேடிச் சென்றது. அந்தச் செபத்தோடு வளர்ந்த எங்களுக்கும் சித்தப்பாமேல் கோபம் வளரவே இல்லை. பெயர் சொல்லிச் செபிக்கிற வீட்டில் பகை எத்தனை நாள் தங்கும்?

முதல் உலகப் போரின்போது, எண்ணற்றோர் மடிவதைக் கண்ட பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர், நவம்பர் 2ஆந் திகதியில் குருக்கள் மும்முறை திருப்பலி ஒப்புக்கொடுக்க 1915இல் அனுமதித்தார். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைகளைச் சந்தித்துச் செபிப்பவர்கள், வழக்கமான நிபந்தனைகளை நிறைவேற்றினால், மரித்தோருக்காகப் பரிபூரணப் பலன் பெறலாம். தேயிலைச் சரிவுகளில் மானாப்புல் மூடிக் கிடக்கும் நம்மவர் கல்லறைகளை இந்நாட்களில் துப்புரவு செய்வோம். போக முடியாத கல்லறைகளை வீட்டுச் செபத்தில் சந்திப்போம்.

முதியோருக்கென ஒரு ஞாயிற்றைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்தியது வாழ்த்துச் சொல்வதற்கு மட்டுமல்ல. உங்கள் வீட்டு அத்தையின், பாட்டியின் நெஞ்சில் இருக்கும் பெயர்களை அவர் உயிரோடிருக்கும்போதே எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பெயருக்கும் உறவு என்ன, ஊர் எது என்று கேளுங்கள். அப்பட்டியலைக் கூடலூரிலும் கோயம்புத்தூரிலும் வவுனியாவிலும் துபாயிலும் இருக்கும் உறவினருக்கு அனுப்புங்கள். அந்நாளில் ஒரு கடிதம் போய்ச்சேர வாரக்கணக்காகும். இன்று உங்கள் கையிலுள்ள தொலைபேசிக்கு ஒரு நொடி போதும். பட்டியலில் யாருடைய பெயரை எழுதக் கை தயங்குகிறதோ, அவரிடம் முதலில் பேசுங்கள். எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று கேட்க வேண்டிய நாள் வருமுன் பேசுங்கள்.

எங்கள் குடும்பத்தின் கொப்பி இப்போது ஒரு மருமகளின் பொறுப்பில் இருக்கிறது. வலப்பக்கத்தில் அத்தையின் பெயரும் சித்தப்பாவின் பெயரும் அடுத்தடுத்து இருக்கின்றன. இடப்பக்கத்தில் புனலூரிலிருந்து வந்த ஏழு புதிய பெயர்கள் சேர்ந்திருக்கின்றன.

மரித்த விசுவாசிகளின் ஆன்மாக்கள் இறைவனுடைய இரக்கத்தால் நித்திய இளைப்பாற்றி அடைவதாக. ஆமென்.